பல்கலைக்கழகத்துக்கு ஒரு பேரிடர் மீட்புத் திட்டம்: எல்லைப்புறத்திலிருந்து கேள்வி பதில்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இந்தத் தமிழ்நாடு, கேரள எல்லைப் பட்டையில் கல்லூரிகள் நெருக்கி நெருக்கி இருக்கின்றன. அப்படி ஒரு வளாகத்தில் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புயலோ வெள்ளமோ வைரஸோ வந்தால் நிறுவனம் எப்படி நிற்காமல் ஓடும், நின்றுபோனால் எப்படி எழுப்புவது என்று திட்டம் எழுதித் தரச் சொல்லி மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்ததும் பக்கத்து வளாகத்துக்காரர்கள் போன் போட்டுக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை மொத்தமாக இங்கே போடுகிறேன்.

இது கம்ப்யூட்டர் செக்‌ஷன் வேலைதானே, எங்களை எதற்கு மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறீர்கள்?

சர்வரை எழுப்புவது எங்கள் வேலை. பத்து சர்வர் படுத்துக் கிடக்கும்போது எதை முதலில் எழுப்புவது என்று சொல்வது உங்கள் வேலை. அதை எங்களிடம் விட்டால் எங்களுக்கு எது சுலபமோ அதை முதலில் எழுப்புவோம், அது அநேகமாக வெப்சைட்டாக இருக்கும். அன்றைக்கு அவசரம் மாணவர் பட்டியலாகவோ சம்பள ஃபைலாகவோ இருக்கலாம். ரிஜிஸ்ட்ரார், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், நிதி அலுவலர், தலைமை வார்டன், எஸ்டேட் அலுவலர், இவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து வரிசையை எழுதிக் கையெழுத்துப் போட்டால் பாதித் திட்டம் முடிந்தது. மீதியெல்லாம் அந்த வரிசையிலிருந்து தானாக வரும்.

தொடர்ச்சித் திட்டம், மீட்புத் திட்டம் என்று இரண்டு கேட்கிறார்களே?

கம்ப்யூட்டர் ஓடாத நேரத்திலும் வேலை ஓடுவதற்கு என்ன ஏற்பாடு என்பது முதலாவது. கம்ப்யூட்டரை, கட்டடத்தை, இணைப்பைத் திரும்ப எழுப்புவது இரண்டாவது. 2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை சர்வர்கள் ரான்சம்வேரால் (கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும் வைரஸ்) முடங்கியபோது கிட்டத்தட்ட இரண்டு வாரம் பேனாவும் தாளும் வைத்துத்தான் நோயாளிகளைப் பார்த்தார்கள். அந்தப் பேனா, தாள் ஏற்பாடு தொடர்ச்சித் திட்டம். பின்னணியில் சர்வர்களைச் சுத்தம் செய்து திரும்பக் கொண்டுவந்தது மீட்பு. நம் வளாகங்களில் இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சமாவது பேசுகிறார்கள். முதலாவதைப் பற்றிக் கேட்டால், "அப்போ பார்த்துக்கலாம்."

சரி, எங்கிருந்து தொடங்குவது?

காலண்டரிலிருந்து. எந்த வேலை முக்கியம் என்பது மாதத்துக்கு மாதம் மாறும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சேர்க்கை மென்பொருள் பிப்ரவரியில் ஒரு வாரம் படுத்தால் யாருக்கும் தெரியாது, ஜூனில் ஒரு நாள் படுத்தால் வாசலில் பெற்றோர் கூட்டம் நிற்கும். இன்னொன்று, குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. தென்மேற்கு வருவது சேர்க்கைக் காலத்தில். வடகிழக்கு உச்சத்தில் இருப்பதும் நவம்பர் செமஸ்டர் தேர்வுகள் நடப்பதும் ஒரே நேரத்தில். அதாவது நாம் மிகவும் அடிபடக்கூடிய இரண்டு காலமும் நமக்கு மிகவும் வேலை இருக்கிற இரண்டு காலமும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதத்தை எழுதி, ஒவ்வொரு மாதத்திலும் எந்த வேலை எத்தனை நாள் தாங்கும் என்று துறைவாரியாகக் கேட்டு நிரப்புங்கள். எல்லாத் துறையும் "எங்களுடையதுதான் முதல்" என்று சொல்லும். அதைக் கேட்டுவிட்டு வரிசை போடத்தான் ரிஜிஸ்ட்ரார் அந்த மேஜையில் இருக்கிறார்.

எவ்வளவு நேரத்தில் எழுப்ப வேண்டும், எவ்வளவு தரவு போனால் பரவாயில்லை என்று இரண்டு எண் கேட்கிறார்களே, எதைப் போடுவது?

இரண்டுக்கும் பூஜ்யம் என்று போட்டு அனுப்பிவிடுவார்கள், பார்த்திருக்கிறேன். பூஜ்யத்துக்கு ஆகும் செலவை யாரும் கணக்கிடுவதில்லை. இப்படி யோசியுங்கள்: மதிப்பெண் பதிவு நடக்கிற வாரத்தில் தினம் ராத்திரிதான் பேக்கப் எடுக்கிறீர்கள் என்றால், மாலை நாலு மணிக்கு டிஸ்க் போனால் அன்று முழுக்க ஆசிரியர்கள் ஏற்றிய மதிப்பெண் போச்சு. திரும்ப ஏற்ற முடியுமா? விடைத்தாளின் முகப்புத் தாள் கையில் இருந்தால் முடியும், ஒரு நாள் வேலைதான். அப்படியானால் ஒரு நாள் இழப்பு தாங்கும். கட்டண வசூலில் அது தாங்காது, பணம் கட்டிய மாணவரிடம் போய் மறுபடி கட்டச் சொல்ல முடியாது. ஆனால் வங்கியிடம் பதிவு இருக்கும், அதை வைத்துச் சரிபார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் இப்படி "திரும்ப எங்கிருந்து கிடைக்கும்" என்று கேட்டால் எண் தானாக வரும்.

எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. டிரைவோடு ஒத்திசைந்து நிற்கும் கோப்பை இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குப் பிறகு நிர்வாகி இன்னும் 25 நாளுக்குள் மீட்கலாம், அவ்வளவுதான். செமஸ்டர் ஆரம்பத்தில் தவறுதலாக அழித்த ஃபோல்டரை செமஸ்டர் கடைசியில் தேடினால் கிடைக்காது. அப்புறம், கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாத இடம் என்ற காலமும் மலையேறிவிட்டது. இலவசத் திட்டத்தில் நிறுவனம் முழுக்கச் சேர்த்து 100 டெராபைட். இதைவிடப் பெரிய ஆபத்து, துறைக் கோப்புகள் யாரோ ஒரு உதவிப் பேராசிரியரின் சொந்த ஜிமெயிலில் கிடப்பது. அவர் வேலையை விட்டுப் போய்விட்டால் புயலே வேண்டாம், பேரிடர் வந்தாயிற்று.

பேக்கப் எத்தனை வைக்க வேண்டும்?

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். இது பழைய விதி, இன்னும் செல்லும். இப்போது இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: ஒரு பிரதியாவது நெட்வொர்க்கில் தொடாமல் இருக்க வேண்டும். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 டிசம்பர் 23 அன்று ரான்சம்வேர் புகுந்தபோது முக்கியமான சில பேக்கப்களும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் அவையும் சேர்ந்து பூட்டப்பட்டன. கடைசியில் 30 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 2 லட்சம் யூரோ கொடுத்துச் சாவி வாங்கினார்கள். ஆள் உள்ளே நுழைந்ததோ அக்டோபரில், யாரோ திறந்த ஒரு மின்னஞ்சல் வழியாக. இரண்டு மாதம் சத்தமில்லாமல் உள்ளே இருந்திருக்கிறான்.

திருடன் வராமலேயும் தரவு போகும். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில், பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திருத்திப் போட்டதில், பழைய பதிவுகளை அழிக்க வேண்டிய கட்டளை ஆராய்ச்சித் தரவையே அழித்துவிட்டது. சுமார் 77 டெராபைட், 14 ஆய்வுக் குழுக்களின் உழைப்பு. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தபோது அரசு ஊழியர்களின் ஆவணக் கிடங்கு ஒன்று, 858 டெராபைட், அப்படியே போனது. அளவு ரொம்பப் பெரியது, வெளியே பிரதி எடுக்க முடியாது என்று விட்டிருந்தார்கள். "எங்கள் டேட்டா ரொம்பப் பெருசு சார்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

வேறு ஊர் என்றால் எவ்வளவு தூரம்? திருவனந்தபுரத்தில் எங்களுக்கு ஒரு கிளை இருக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர்கூட வராது. மாநிலம் வேறு, மேகம் ஒன்றுதான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் கரையைக் கடக்கவே இல்லை, கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலோடு போனது, அப்படியும் குமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பம் சாய்ந்தது, திருவனந்தபுரம் கடற்கரையும் அடிபட்டது. 2021 நவம்பர் மழையில் நாகர்கோவில், திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அங்கே ஹார்ட் டிஸ்க் இருந்தாலும் போய் எடுத்துவர வழியில்லை. திருநெல்வேலியும் போதாது, 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழையும் தாமிரபரணி வெள்ளமும் அந்தப் பக்கத்தை என்ன செய்தன என்று எல்லாருக்கும் தெரியும். கோயம்புத்தூரோ ஹைதராபாத்தோ வையுங்கள், அல்லது மும்பையில் தரவு மையம் உள்ள கிளவுடில் போடுங்கள். திருவனந்தபுரம் கிளையை வேறொன்றுக்குப் பயன்படுத்தலாம்: நம் வளாகத்தில் மின்சாரம் இல்லாதபோது நாலு பேர் உட்கார்ந்து வேலை செய்ய மேஜை, நாற்காலி, இணைப்பு.

பெரிய ஜெனரேட்டர் இருக்கிறது. அது போதும்தானே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 125 கே.வி.ஏ. செட், முக்கால் பாரத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 20 லிட்டர் டீசல் குடிக்கும். டேங்க் அநேகமாக 990 லிட்டர் இருக்கும், ஏனென்றால் 1,000 லிட்டருக்கு மேற்பட்ட கொள்கலனில் டீசல் வைத்தால் உரிமம் வாங்க வேண்டும், அந்தத் தொல்லை வேண்டாம் என்று எல்லாரும் 990 வாங்குகிறார்கள். நிரம்ப இருந்தால் இரண்டு நாள். ஒக்கிக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பங்கில் டீசல் இருந்தாலும் பம்ப் ஓடக் கரண்ட் வேண்டும். ஆகவே பாதிச் சுமையை வெட்டிவிட்டு ஓட்டுகிற முறை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்: எந்த பிரேக்கரை இறக்கினால் எந்தக் கட்டடம் அணையும் என்று எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் தெரிந்தால் போதாது, பேனலில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அவர் வீடு அருமனைப் பக்கம் இருந்து, ரோட்டில் ரப்பர் மரம் விழுந்து கிடந்தால் அவரால் வர முடியாது.

ஜெனரேட்டர் அறைக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பெரும்பாலான செட் தேவைப்படுகிற நேரத்தில் ஏன் கிளம்பவில்லை என்று பார்த்தால் எஞ்சினில் குறை இருக்காது, ஸ்டார்ட்டர் பேட்டரி செத்திருக்கும். முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அன்றே மாற்றச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை "ஓட்டிப் பார்த்தோம்" என்று பதிவேட்டில் இருக்கும், ஆனால் சும்மா ஐந்து நிமிடம் உறும விட்டிருப்பார்கள். மெயினை இறக்கிவிட்டு, உண்மையான பாரத்தோடு அரை மணி ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டும்போதுதான் இன்னொரு விஷயம் தெரியும்: சர்வர் யு.பி.எஸ்.ஸில் இருக்கும், சர்வர் அறை ஏசி யு.பி.எஸ்.ஸில் இருக்காது. ஜெனரேட்டர் வராவிட்டால் பேட்டரி தீர்வதற்கு முன்னால் அறை கொதித்து சர்வர் தானே அணைந்துவிடும். அறைக் கதவைத் திறந்து வைத்து ஒரு பெடஸ்டல் ஃபேனைப் போடுவது அவமானம் ஒன்றும் இல்லை, திட்டத்திலேயே எழுதுங்கள்.

இரண்டு நிறுவனத்திடம் இணைய இணைப்பு வாங்கியிருக்கிறோம்.

இரண்டு கேபிளும் எந்தக் கம்பத்தில் தொங்குகின்றன என்று ரோட்டுக்கு வந்து அண்ணாந்து பாருங்கள். ஒரே மின்கம்பத்தில் கட்டியிருந்தால் உங்களிடம் ஒரு இணைப்புதான் இருக்கிறது, பில் மட்டும் இரண்டு. நம் இடத்தில் ஒரு வசதி உண்டு: ஒன்றை நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் இன்னொன்றை பாறசாலை வழியாகத் திருவனந்தபுரம் பக்கத்திலிருந்தும் கேட்டு வாங்கலாம். உள்நாட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வாய்ப்பு கிடையாது. பாதை வரைபடத்தைக் கேளுங்கள், தர மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

எல்லையில் இருப்பதால் வேறென்ன யோசிக்க வேண்டும்?

நிறைய. இதைத்தான் சென்னையிலிருந்து வருகிற மாதிரித் திட்டங்கள் தொடுவதே இல்லை.

மழை விடுமுறையை அறிவிப்பது மாவட்ட ஆட்சியர். நமக்கு நாகர்கோவிலில் ஒருவர், அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் ஒருவர். இங்கே விடுமுறை, அங்கே இல்லை, அல்லது நேர்மாறாக. மாணவர்களில் கணிசமானவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள், ஆசிரியர்களும்தான். அங்கே வெள்ளம், இங்கே வெயில், தேர்வு நடக்கிறது என்றால் வர முடியாதவர்களுக்கு என்ன வழி? மறுதேர்வு விதி முன்பே இருக்க வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு எழுதினால் சலுகை காட்டியதாகப் பேச்சு வரும்.

அவசர எண்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு இரண்டு மாநிலத்திலும் 1077-தான். களியக்காவிளையில் நின்று அலைபேசியில் அடித்தால் எந்தப் பக்க டவரைப் பிடித்திருக்கிறதோ அங்கே போய்விடலாம். அதனால் எஸ்.டி.டி. குறியீட்டோடு சேமியுங்கள், நாகர்கோவிலுக்கு 04652, திருவனந்தபுரத்துக்கு 0471. ஆபத்தில் 112 எங்கிருந்தும் அடிக்கலாம்.

பெற்றோருக்குப் போகும் செய்தி தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும், அதுவும் முன்பே எழுதி வைத்த வாசகமாக. அவசரத்தில் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு அனுப்பிய ஒரு மலையாளச் செய்தி, "விடுதி மூடப்படும்" என்பதை "விடுதி மூழ்கும்" என்பதுபோல் ஆக்கினால் அன்று ராத்திரி போன் ஓயாது.

வழி அடைபடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 2020 மார்ச்சில் கொரோனா சமயம் எல்லையை மூடியபோது இரண்டு தெரு தள்ளியிருந்த ஊழியர்கூட வேறு மாநிலத்தவர் ஆனார். பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. சாவி, பாஸ்வேர்டு, காசோலைக் கையெழுத்து, இந்த மூன்றும் எல்லைக்கு ஒரே பக்கம் குடியிருப்பவர்களிடம் மட்டும் இருக்கக் கூடாது. அணைத் தண்ணீரும் அப்படியே. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி திறந்தால் நமக்குச் செய்தி வரும், நெய்யாறு அணை திறந்தால் அந்தப் பக்கத்துக்குத்தான் வரும், நம் பிள்ளைகள் பாதிப் பேர் அந்தப் பாதையில்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

தேர்வு நாள் காலையில் புயல் எச்சரிக்கை. தள்ளி வைக்க யாருக்கு அதிகாரம்?

துணைவேந்தருக்கு. அவர் டெல்லியில் கூட்டத்தில், போன் அணைந்திருக்கிறது. அடுத்து? இதற்குப் பெயரளவில் ஒரு வரிசை எல்லாரிடமும் இருக்கும், ஆனால் இரண்டாவது ஆள் முடிவெடுத்தால் பிறகு கேள்வி வருமே என்று பயந்து யாரும் எடுக்க மாட்டார்கள். ஆகவே இரண்டு விஷயம் எழுத்தில் வேண்டும்: இத்தனை மணிக்குள் மேலே உள்ளவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் முடிவெடுக்கலாம், நல்லெண்ணத்தில் எடுத்த முடிவுக்காக அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வராது. இரண்டாவதை எழுதாமல் முதலாவதை எழுதிப் பயனில்லை. ஒக்கியின்போது எச்சரிக்கைக்கும் காற்றுக்கும் நடுவே நமக்கு நாள்கணக்கில் அவகாசம் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட காலையில் கூட்டம் போட்டு முடிவெடுக்க நேரம் இருக்காது.

கேள்வித்தாளைக் காலையில் ஆன்லைனில் அனுப்பி மையத்திலேயே பிரிண்ட் எடுக்கும் முறை இருந்தால், எட்டு மணிக்கு நெட் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முத்திரையிட்ட மாற்றுத் தாள் கட்டு ஒன்று மையத்தின் இரும்பு அலமாரியில் இருப்பது பழைய முறைதான், ஆனால் கரண்ட் இல்லாமலும் திறக்கும்.

விடைத்தாள் கட்டுகள் நனைந்துவிட்டால்?

முதலில், கீழ்த்தளத்தில் வைக்காதீர்கள். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேலே ரேக்.

நனைந்துவிட்டது என்று வையுங்கள். ஈரத் தாளில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு என்றே கொள்ளுங்கள். எல்லாரும் செய்கிற காரியம் கட்டைப் பிரித்து மாடியில் வெயிலில் பரத்துவது. செய்யாதீர்கள். ஊறிய தாளை இழுத்துப் பிரித்தால் கிழியும், காற்றில் பறக்கும், பதிவெண் முகப்பு ஒரு பக்கம், உள்தாள் ஒரு பக்கம் ஆகும். கட்டை அப்படியே, ஒரு கைப்பிடி கனத்துக்குச் சின்னச் சின்னப் பகுதிகளாக பாலிதீன் பையில் போட்டு, பையின் மேல் பாடக் குறியீட்டையும் எண்ணையும் பென்சிலில் எழுதிய சீட்டு வைத்து, உறைய வையுங்கள். உறைந்த தாளில் பூஞ்சை வளராது, வாரக்கணக்கில் காத்திருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நிழலில், ஃபேன் காற்றில், வெற்றுத் தாள் இடையில் வைத்து உலர்த்தலாம். இவ்வளவு கட்டுக்கு உறைபெட்டி எங்கே? கடற்கரை மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கக் கூடாது. மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்கு ஒன்றோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். மதிப்பெண் கொஞ்சம் அயிலை வாசத்தோடு வரும், பரவாயில்லை.

பந்துமுனைப் பேனா மை ஓரளவு தாங்கும், பல ஜெல் பேனாக்களின் மை கரைந்தோடும். தேர்வு விதியில் ஜெல் பேனா கூடாது என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

விடுதி பற்றி என்ன எழுத வேண்டும்?

எல்லாவற்றுக்கும் முன்னால் எழுத வேண்டியது அதுதான். சர்வர் ஒரு வாரம் தூங்கலாம், எண்ணூறு பிள்ளைகள் இருக்கிற விடுதியில் மூன்று வேளை சாப்பாடும் தண்ணீரும் தவறக் கூடாது. மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டி எத்தனை மணி நேரம் வரும்? மெஸ்ஸில் எத்தனை சிலிண்டர் இருப்பில் இருக்கிறது? அரிசி, பருப்பு, மரச்சீனி எவ்வளவு? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் காலடி சமஸ்கிருதப் பல்கலைக்கழக வளாகத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கியிருந்ததை நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழகம் பெரிய கட்டடம், சுற்றுவட்டாரத்து மக்களும் அங்கேதான் ஏறி வருவார்கள். வராதே என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் அரிசிக் கணக்கு.

மாணவர் பட்டியல் அறைவாரியாக, பெற்றோர் எண், இரத்த வகை, எடுத்துக்கொள்ளும் மருந்து விவரத்தோடு தாளில் அச்சிட்டு வார்டன் அறையில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை புதிது, பழையதைக் கிழித்துவிடுங்கள், கண்டவர் கையில் போகக் கூடாது.

லேபில் உறைபெட்டி, விலங்குக் கூடம் எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு?

2012 அக்டோபரில் சாண்டி புயலில் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து ஆயிரக்கணக்கான ஆய்வு எலிகள் செத்தன, பல வருட ஆராய்ச்சி அதோடு போனது. மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியை மூடியே வைத்தால் சில மணி நேரம் தாங்கும், "பாதிப்பு இருக்கிறதா" என்று பார்க்கத் திறந்தால் அதுவும் தாங்காது. கதவில் "கரண்ட் இல்லாதபோது திறக்காதே" என்று ஒட்டுங்கள். எதை முதலில் வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும் என்ற பட்டியலைப் பேராசிரியர்தான் தர வேண்டும், தராதவருடையது கடைசி.

ரான்சம்வேர் புகுந்துவிட்டது. முதல் ஒரு மணி நேரம் என்ன செய்வது?

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். மின்சாரத்தை அணைக்காதீர்கள், நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும். திரையைப் போனில் படம் எடுங்கள். பேக்கப் டிஸ்க்கை "உடனே சரிபார்க்கிறேன்" என்று கொண்டுபோய்ச் சொருகாதீர்கள், அதையும் பூட்டிவிடும். 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், கணினி, நெட்வொர்க் நடமாட்டத்தின் 180 நாள் பதிவுகளை வைத்திருக்கவும் வேண்டும். யார் தெரிவிப்பது என்று பெயர் எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்த 6 மணி நேரமும் அனுமதிக் கோப்பு நகர்வதிலேயே போகும்.

பணம் கொடுக்கலாமா? கொடுத்தால் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அரசுப் பணத்தில் கொடுக்க வழியும் இல்லை. அமெரிக்காவில் லிங்கன் கல்லூரி 1865-இல் தொடங்கியது, இரண்டு உலகப் போரையும் தாண்டியது. கொரோனாவால் தள்ளாடிக்கொண்டிருந்தபோது 2021 டிசம்பரில் ரான்சம்வேர் வந்து சேர்க்கை விவரங்களை மாதக்கணக்கில் பார்க்க முடியாமல் செய்தது. 2022 மே மாதம் மூடிவிட்டார்கள்.

மென்பொருளை வெளி நிறுவனம் நடத்துகிறது. பொறுப்பு அவர்களுடையதுதானே?

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் கட்டணத் தகராறில் மென்பொருள் நிறுவனம் லாகினை நிறுத்திவிட்டது, ஹால் டிக்கெட் அடிக்க வழியில்லாமல் எக்செலில் கையால் தயாரித்தார்கள். மாதம் ஒருமுறை முழுத் தரவையும் நாம் திறந்து படிக்கக்கூடிய வடிவத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் வேண்டும். வாங்கியதைத் திறந்தும் பார்க்க வேண்டும்.

பணம் இல்லை. என்ன செய்ய முடியும்?

இதுவரை சொன்னதில் பாதிக்குப் பணமே வேண்டாம். அதிகார வரிசை, தொலைபேசி எண் அட்டை, மலையாளச் செய்தி வாசகம், பிரேக்கர் சீட்டு, ரேக் உயரம். இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி வளாகத்துக்கு வெளியே பூட்டி வைத்தால்கூட ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். குறியாக்கம் செய்து வையுங்கள், சாவிச் சொல்லை அதே பெட்டியில் எழுதி ஒட்டாதீர்கள்.

ஒத்திகை எப்படி நடத்துவது?

தீயணைப்பு ஒத்திகை மாதிரி மணியடித்து எல்லாரும் மைதானத்தில் நின்று போட்டோ எடுப்பது வேண்டாம். ஒரு சனிக்கிழமை காலை ரிஜிஸ்ட்ராரிடம் ஒரு பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், மூன்று வருடத்துக்கு முன் படித்த யாராவது ஒரு மாணவர். அவருடைய மதிப்பெண் பட்டியலைப் பேக்கப்பிலிருந்து மட்டும், வேறு கணினியில் எழுப்பி அச்செடுத்துத் தர வேண்டும். கடிகாரத்தைப் பாருங்கள். பேக்கப் இருக்கும், அதைத் திறக்கும் மென்பொருளின் லைசென்ஸ் பழைய சர்வரோடு கட்டப்பட்டிருக்கும். அல்லது பாஸ்வேர்டு தெரிந்தவர் வளைகுடாவுக்குப் போயிருப்பார். இந்த ஒரே பயிற்சி ஐம்பது பக்கத் திட்டத்தைவிட நிறையச் சொல்லித் தரும்.

இன்னொரு நாள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதை: "இரவு இரண்டு மணி, குழித்துறையில் ஆறு கரை மீறிவிட்டது, நாளை பத்து மணிக்குக் கணிதத் தாள்." யார் யாருக்கு போன் செய்வார்கள் என்று உண்மையிலேயே செய்து பார்க்கட்டும். எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

சர்வதேசத் தரச் சான்று வாங்க வேண்டுமா?

தொடர்ச்சித் திட்டத்துக்கு ஐ.எஸ்.ஓ. 22301 என்று ஒரு தரநிலை இருக்கிறது, 2019-இல் திருத்திய பதிப்பு. படித்தால் நல்லது, எதையும் விட்டுவிடாமல் இருக்க உதவும். சான்றிதழுக்குச் செலவழிக்கும் முன் ஜெனரேட்டர் பேட்டரியை மாற்றுங்கள்.

வளாகமே ஒரு செமஸ்டர் இயங்க முடியாமல் போனால்?

நடந்திருக்கிறது. 2005 ஆகஸ்டில் கத்ரீனாவுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸின் துலேன் பல்கலைக்கழகம் அந்த செமஸ்டரை முழுக்க ரத்து செய்தது, மாணவர்களை நாடு முழுக்க வேறு பல்கலைக்கழகங்கள் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டன, 2006 ஜனவரியில் திரும்பத் திறந்தார்கள். 2011 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகம் கூடாரம் போட்டு வகுப்பு நடத்தியது. நமக்குக் கூடாரம் தெரியாதா, கல்யாணப் பந்தல்காரர் இரண்டு நாளில் போட்டுத் தருவார். கஷ்டம் பாடக் கணக்கில். இங்கே படித்த பாதிப் பாடத்தை அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளுமா, அங்கே எழுதிய தேர்வு இங்கே செல்லுமா என்பதை இரண்டு மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் நல்ல காலத்தில் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட வேண்டும். கெட்ட காலத்தில் பேசத் தொடங்கினால் கோப்பு நகர்வதற்குள் அந்தப் பிள்ளைகள் படிப்பை விட்டிருப்பார்கள்.

எத்தனை பக்கம் எழுதலாம்?

குழுவுக்கு நாற்பது பக்கம்கூட இருக்கட்டும். ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டியது ஒரு பக்கம்: நான் யாருக்குப் போன் செய்ய வேண்டும், எனக்கு யார் செய்வார், நான் செய்ய வேண்டிய முதல் மூன்று வேலை.

எப்போது திருத்துவது?

மே கடைசியில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை, அதாவது ஒவ்வொரு மழைக்கும் முன்னால். அது தவிர யாராவது ஓய்வு பெற்றாலோ மாற்றலாகிப் போனாலோ அன்றே. பழைய வார்டன் எண்ணைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே புது எண்ணை எழுதாதீர்கள், அட்டையைப் புதிதாக அடித்து லேமினேட் செய்யுங்கள்.